ஜாங்கோவுக்குள்ள வைட்: லோக்கல்ல ஓடுது, சர்வர்ல உடையுது. ஃபைலுக்கு பேர் வைக்கறது யாருன்னு முதல்ல முடிவு பண்ணுங்க

கேள்வியை ஒரு தடவ சுருக்கிக்கறேன், அப்ப தான் எதுக்கு பதில் சொல்றேன்னு புரியும். முழு சைட்டும் ஜாங்கோ (பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க்) டெம்ப்ளேட், ரெண்டு மூணு பக்கத்துல மட்டும் ரியாக்ட் (ஜாவாஸ்க்ரிப்ட் லைப்ரரி), அதை வைட்ங்கற டூல் வச்சு பண்டில் பண்றீங்க, அதாவது நிறைய ஃபைலை சில ஃபைலா சேர்க்கறீங்க. லோக்கல்ல எல்லாம் பக்கா. ஜாங்கோவோட டீபக் செட்டிங்கை ஃபால்ஸ் ஆக்கி சர்வர்ல ஏத்தினதும் முதல்ல ஸ்டைல் எதுவுமே வரல, எங்கெங்கயோ பார்த்து என்னென்னமோ மாத்தி அது வந்துடுச்சு, இப்ப ரிப்போர்ட் பக்கத்தை திறந்தா மட்டும் நல்-லேர்ந்து (காலி மதிப்பு) யூஸ்ஸ்டேட் (ஒரு ரியாக்ட் ஃபங்ஷன்) படிக்க முடியலன்னு எரர். கடைசியா, ஸ்டைல், ஸ்க்ரிப்ட் ஃபைலை பிரவுசருக்கு குடுக்க என்ஜின்எக்ஸ்ங்கற வெப் சர்வரா வொயிட்நாய்ஸ்ங்கற பைத்தான் பேக்கேஜா எது நல்லதுன்னு ஒரு கேள்வி.

உச்சரிப்பு பத்தி ஒரு வார்த்தை. வைட்ங்கறது ப்ரெஞ்சு சொல், வேகம்னு அர்த்தம், வீட்னு தான் சொல்லணும். ஆனா "வீட்ல பில்ட் ஆகல, வீட்ல எரர் வருது"ன்னு எழுதினா குடும்பப் பிரச்சனைன்னு நினைச்சுப்பாங்க, அதனால நான் வைட்னே எழுதறேன்.

நீங்க கேட்டது ஒரு விஷயம் இல்ல, தனித்தனியா மூணு. ஆனா மூணுமே ஒரே இடத்துலேர்ந்து தான் வருது. பண்டில் பண்றது ஒரு வேலை, ஃபைலுக்கு ஹாஷ் (உள்ள இருக்கறதை வச்சு கணக்கிடற எழுத்துக் கூட்டம்) போட்டு பேர் வைக்கறது ஒரு வேலை, அதை பிரவுசருக்கு பரிமாறறது ஒரு வேலை. லோக்கல்ல இந்த மூணுமே கண்ணுக்கு தெரியாம நடந்துடுது, அதனால மூணும் ஒண்ணுன்னு நெனச்சுக்கறோம். சர்வர்ல போனா தான் ஒவ்வொண்ணுக்கும் ஆள் யாருன்னு கேக்குது.

பரிமாறறதுலேர்ந்து ஆரம்பிக்கலாம். டீபக் ட்ரூவா இருக்கும்போது ரன்சர்வர் (ஜாங்கோவோட லோக்கல் சோதனை சர்வர்) ஒரு உதவி பண்ணுது, ஸ்டாட்டிக்ஃபைல்ஸ் ஆப் இருந்தா ஒவ்வொரு ஆப்போட ஸ்டாட்டிக் ஃபோல்டர்லயும் (ஸ்டைல், ஸ்க்ரிப்ட், படம் இருக்கற இடம்) அதுவே போய் தேடி எடுத்து குடுத்துடும், இதையெல்லாம் ஒரே இடத்துல சேர்க்கற கலெக்ட்ஸ்டாட்டிக் கமாண்டை ஓட்டவே வேணாம். டீபக்கை ஃபால்ஸ் ஆக்கின நிமிஷம் அந்த உதவி நின்னுடும். சர்வர்ல ஜாங்கோவை ஓட்டற கனிகார்ன் அதைப் பத்தி கவலையே படாது, அதுக்கு தெரிஞ்சது உங்க பைத்தான் கோடு மட்டும் தான். அதனால ஸ்டைல் காணாம போனது பக் கிடையாது, ஜாங்கோ அப்படித்தான் எழுதப்பட்டிருக்கு.

இங்க மூணு செட்டிங்கை பாதி பேர் குழப்பிக்கறாங்க, நானும் ரொம்ப நாள் குழம்பினேன். ஸ்டாட்டிக்ஃபைல்ஸ் டிர்ஸ்ங்கறது நீங்க எழுதற ஃபைல் இருக்கற இடம், கடைக்கு காய்கறி வர்ற மாதிரி. ஸ்டாட்டிக் ரூட்ங்கறது கலெக்ட்ஸ்டாட்டிக் எல்லாத்தையும் கொண்டு போய் கொட்டற இடம், அதுல கையால எதுவும் வைக்கக் கூடாது, கிட்லயும் ஏத்தக் கூடாது. ஸ்டாட்டிக் யூஆர்எல்ங்கறது வெறும் முகவரியோட முன்பகுதி, அதுக்கும் டிஸ்க்ல இருக்கற ஃபோல்டருக்கும் நேரடி சம்பந்தமே இல்ல. முதல் ரெண்டுலயும் ஒரே பாத்தை குடுத்தா ஜாங்கோவே எரர் போட்டு நிறுத்திடும், அது நல்லதுக்கு தான். வைட்டோட அவுட்புட் ஃபோல்டர், டிஸ்ட்னு வச்சுப்போம், அது டிர்ஸ்ல வரணும், ரூட்ல இல்ல. நேரா ரூட்டுக்குள்ளயே பில்ட் பண்ண வச்சுட்டு, அப்புறம் கலெக்ட்ஸ்டாட்டிக்கை க்ளியர் ஆப்ஷனோட ஓட்டி மொத்தத்தையும் துடைச்சுட்டு உக்காந்திருக்கறவங்களை பார்த்திருக்கேன்.

பிரவுசர் கன்சோல்ல மைம் டைப் (இது என்ன வகை ஃபைல்னு சர்வர் சொல்றது) டெக்ஸ்ட் ஹெச்டிஎம்எல், அதனால ஸ்க்ரிப்டை ஓட்ட மாட்டேன்னு சிவப்பா வந்தா மைம் டைப்பை நோண்டாதீங்க. அது 404 தான். ஃபைல் கிடைக்கல, ஜாங்கோ ஹெச்டிஎம்எல்ல ஒரு நாட் ஃபவுண்ட் பக்கம் குடுத்துச்சு, அதை ஸ்க்ரிப்டா எடுத்துக்க பிரவுசர் மறுக்குது, அவ்ளோ தான். நெட்வொர்க் டேப்ல ஸ்டேட்டஸை பாருங்க. விதிவிலக்கு ஒண்ணு இருக்கு, விண்டோஸ்ல சில மிஷின்ல ரெஜிஸ்ட்ரில ஜேஎஸ் எக்ஸ்டென்ஷனுக்கு டெக்ஸ்ட் ப்ளெயின்னு பதிஞ்சிருக்கும், பைத்தான் அதைப் படிச்சுட்டு ரன்சர்வர்லயே தப்பான டைப் அனுப்பும். அது லோக்கல்ல மட்டும் வர்ற தொல்லை.

404 இல்லாம 403 (அனுமதி இல்ல) வந்தா அது வேற கதை. ப்ராஜெக்டை உங்க ஹோம் ஃபோல்டருக்குள்ள வச்சிருப்பீங்க, உபுண்டு 21.04லேர்ந்து ஹோம் ஃபோல்டர் 750 பர்மிஷன்ல தான் உருவாகுது, என்ஜின்எக்ஸ் ஓடற யூசரால அதுக்குள்ள எட்டிக்கூட பார்க்க முடியாது. ஸ்டாட்டிக் ஃபைலுக்கு 777 போட்டாலும் வேலைக்கு ஆகாது, ஏன்னா கதவு மேல பூட்டிருக்கு. ஸ்டாட்டிக் ரூட்டை வார் (/var)-க்கு கீழ ஒரு ஃபோல்டருக்கு மாத்திடுங்க. அப்படியே என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்ல அலையஸ் வரியோட கடைசில சாய்வுக்கோடு இருக்கான்னும் பாருங்க, லொகேஷன் வரில போட்டுட்டு அலையஸ்ல விட்டா பாத் ஒட்டிப்போய் ஃபோல்டர் பேரும் ஃபைல் பேரும் ஒண்ணா சேர்ந்துடும்.

என்ஜின்எக்ஸா வொயிட்நாய்ஸா. ஒரே ஒரு விபிஎஸ் (வாடகைக்கு எடுத்த சர்வர்), ஏற்கனவே என்ஜின்எக்ஸ் முன்னாடி நிக்குதுன்னா அதையே குடுக்க சொல்லலாம், வேகமாவும் இருக்கும். ஆனா நான் பெரும்பாலும் வொயிட்நாய்ஸ் தான் போடறேன். காரணம் வேகம் இல்ல, சரியா ஓடற கோடும் அதுக்கு ஏத்த ஸ்டாட்டிக்கும் ஒரே பொட்டலத்துல இருக்கும். டாக்கர் இமேஜை எங்க தூக்கிட்டு போனாலும் ஓடும், பாத் பர்மிஷன் தலைவலி இல்ல. பைத்தான்லேர்ந்து ஃபைல் குடுக்கறது மெதுவாச்சேன்னு கேப்பீங்க, ஹாஷ் போட்ட ஃபைலை பிரவுசர் ஒரே தடவ தான் கேக்கப் போகுது, முன்னாடி ஒரு சிடிஎன் (ஃபைலோட காப்பியை வச்சு குடுக்கற சர்வர் கூட்டம்) வச்சுட்டா அதுவும் குறையும். செக்யூரிட்டி மிடில்வேருக்கு அடுத்த வரில வொயிட்நாய்ஸ் மிடில்வேரை வைக்கணும், அது மட்டும் தப்பக் கூடாது. கலெக்ட்ஸ்டாட்டிக் ஓடும்போதே ஜிஜிப்பும், ப்ராட்லி பேக்கேஜ் இருந்தா ப்ராட்லியும் சுருக்கி வச்சுடும், ரிக்வெஸ்ட் வரும்போது சிபியு செலவு கிடையாது.

இப்ப பேர் வைக்கற வேலை. உங்க யூஸ்ஸ்டேட் எரர் இங்க தான் ஒளிஞ்சிருக்கு, கொஞ்சம் நிதானமா போறேன்.

ஹாஷ் எதுக்குன்னா, பிரவுசர்கிட்ட "இந்த ஃபைலை பத்து வருஷம் வச்சுக்கோ, திரும்ப கேக்காத"ன்னு தைரியமா சொல்றதுக்கு. உள்ள ஒரு எழுத்து மாறினாலும் பேரே மாறிடும், அதனால பழசு கேஷ்ல இருந்தாலும் கவலை இல்ல. பத்து வருஷம்னு சும்மா சொல்லல, வொயிட்நாய்ஸ் ஹாஷ் இருக்கற ஃபைலுக்கு மேக்ஸ்ஏஜ் 315360000 வினாடின்னு அனுப்பும், கணக்கு போட்டு பாருங்க, சரியா பத்து வருஷம். ஹாஷ் இல்லாத ஃபைலுக்கு 60 வினாடி தான்.

ஜாங்கோல இதுக்கு மேனிஃபெஸ்ட் ஸ்டோரேஜ்னு ஒண்ணு இருக்கு, 2014ல 1.7 வெர்ஷன்ல வந்தது. கலெக்ட்ஸ்டாட்டிக் ஓடும்போது ஒவ்வொரு ஃபைலுக்கும் எம்டி5 எடுத்து முதல் 12 எழுத்தை பேருக்கு நடுவுல சொருகி ஒரு காப்பி போடும், எது எதுவா மாறுச்சுன்னு ஒரு ஜேசன்ல எழுதி வைக்கும், டெம்ப்ளேட்ல ஸ்டாட்டிக் டேக் அந்த ஜேசனை பார்த்து புது பேரை எழுதும். சிஎஸ்எஸ்குள்ள இருக்கற யூஆர்எல், இம்போர்ட் ரெண்டையும் திருத்தி எழுதிடும். ஜாவாஸ்க்ரிப்ட்குள்ள இருக்கற இம்போர்ட் வரியை மட்டும் தானா திருத்தாது. 4.2லேர்ந்து சோதனை முறைல ஒரு வசதி இருக்கு, ஆனா நீங்களா ஆன் பண்ணா தான். இந்த ஒரு வரியை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவேன்.

வைட்டும் அதே வேலையை தன் பங்குக்கு பண்ணுது. பில்ட் பண்ணும்போது மெயின்னு ஒரு ஃபைல், பக்கத்துல ஒரு கோடு, அப்புறம் எட்டு எழுத்து ஹாஷ். மேனிஃபெஸ்ட் ஆப்ஷனை ஆன் பண்ணா அதுவும் ஒரு ஜேசன் எழுதும், அதுல உங்க சோர்ஸ் ஃபைல் பேருக்கு எதிர்ல பில்ட் ஆன ஃபைல், அது கூட வர்ற சிஎஸ்எஸ், அது இம்போர்ட் பண்ற மத்த சங்க் (வைட் தனியா பிரிச்ச துண்டு ஃபைல்) எல்லாம் இருக்கும். ஜாங்கோ-வைட் பேக்கேஜோட டேக் இதைத்தான் படிச்சு லிங்க்கும் ஸ்க்ரிப்டும் எழுதுது.

டெவ்ல, அதாவது லோக்கல்ல எழுதும்போது, இது எதுவுமே கிடையாது. 5173 போர்ட்ல வைட் சர்வர் ஓடுது, சிஎஸ்எஸ்ஸ ஜாவாஸ்க்ரிப்டே பக்கத்துல ஒட்டிடுது, அதனால நீங்க வெறும் ஸ்க்ரிப்ட் டேக் போட்டாலே ஸ்டைலும் கூடவே வந்துடும். ப்ரொடக்‌ஷன்ல சிஎஸ்எஸ் தனி ஃபைலா வெளிய வந்துடும், அதுக்கு தனியா லிங்க் வேணும். நிறைய பேர் டேக்கை விட்டுட்டு கையால ஸ்க்ரிப்ட் வரி எழுதிட்டு ஸ்டைல் எங்க போச்சுன்னு தேடறது இதனால தான். வைட் கான்ஃபிக்ல பேஸ்ங்கறது உங்க ஸ்டாட்டிக் யூஆர்எல்லோட ஒத்துப் போகணும், இல்லன்னா சிஎஸ்எஸ்குள்ள இருக்கற ஃபான்ட்டும் படமும் சைட்டோட ரூட்ல போய் தேடும். டெவ்ல படம் மட்டும் வரலன்னா சர்வர் ஆரிஜினை 5173 முகவரிக்கு வைங்க, ஜாங்கோ போர்ட்ல போய் தேடறதை நிறுத்தும்.

அப்புறம் ஒரு புள்ளி விஷயம், நெஜமாவே ஒரு புள்ளி தான். 2023 நவம்பர்ல வந்த வைட் 5லேர்ந்து மேனிஃபெஸ்ட் ஃபைல் டிஸ்ட்டுக்குள்ள நேரா இல்ல, புள்ளில ஆரம்பிக்கற .வைட்ங்கற ஃபோல்டருக்குள்ள போயிடுச்சு. கலெக்ட்ஸ்டாட்டிக்கோ புள்ளில ஆரம்பிக்கற எதையும் கண்டுக்காது, அது அதோட பழக்கம். விளைவு, பில்ட்ல ஃபைல் இருக்கும், ஸ்டாட்டிக் ரூட்ல இருக்காது, சர்வர்ல மேனிஃபெஸ்ட் இல்லன்னு எரர். நான் இதுக்கு அரை நாள் செலவு பண்ணேன், எல்எஸ் போட்டா புள்ளி ஃபோல்டர் கண்ணுலயும் படாது பாருங்க. வைட் கான்ஃபிக்ல மேனிஃபெஸ்டுக்கு ட்ரூன்னு குடுக்காம ஃபைல் பேரையே குடுத்துட்டா பழைய மாதிரி வெளில எழுதும்.

சரி, யூஸ்ஸ்டேட் எரர். ரிப்போர்ட் பக்கத்துல சார்ட் கம்போனன்ட்டை லேசியா (தேவைப்படும்போது மட்டும்) லோட் பண்றீங்கன்னு நெனைக்கறேன், டைனமிக் இம்போர்ட். நடக்கறது இது. வைட் ஏற்கனவே ஹாஷ் போட்டு மெயின் ஃபைலை குடுத்துச்சு. உங்க ஸ்டோரேஜ் மேனிஃபெஸ்ட் ஸ்டோரேஜ், அது அந்த பேர் மேலயே இன்னொரு ஹாஷை ஒட்டி ஒரு காப்பி போட்டுச்சு. இப்ப டிஸ்க்ல ஒரே மெயின் ரெண்டு பேர்ல இருக்கு. டெம்ப்ளேட் டேக் ரெட்டை ஹாஷ் பேரை எழுதிச்சு, பிரவுசர் அதை லோட் பண்ணிச்சு, ரியாக்ட் உயிரோட வந்துச்சு. அப்புறம் சார்ட் சங்க்கை கேட்டுச்சு. அந்த சங்க்குக்குள்ள "ரியாக்ட் எனக்கு மெயின்லேர்ந்து வேணும்"னு ஒரு இம்போர்ட் வரி இருக்கு, அதுல எழுதிருக்கறது வைட் வச்ச பேர், ஒத்தை ஹாஷ். ஜாவாஸ்க்ரிப்ட் இம்போர்ட்டை ஜாங்கோ திருத்தாதுன்னு சொன்னேன்ல. பிரவுசரை பொறுத்தவரை யூஆர்எல் வேறன்னா மாட்யூல் வேற, உள்ள ஒவ்வொரு எழுத்தும் ஒண்ணா இருந்தாலும் சரி. அது மெயினை திரும்ப ஒரு தடவ இறக்கி, ரெண்டாவது ரியாக்ட்டை எழுப்புது. சார்ட் ரெண்டாவது ரியாக்ட்கிட்ட யூஸ்ஸ்டேட் கேக்குது, ஆனா அதை ரெண்டர் பண்றது முதல் ரியாக்ட். ரெண்டாவதுகிட்ட எதுவும் இல்ல, நல்.

லேசி லோட் இல்லாத பக்கத்துல இது வராது, அதனால தான் ரிப்போர்ட் பக்கம் மட்டும் அடி வாங்குது. டெவ்ல ஹாஷே இல்ல, அதனால அங்கயும் வராது. வொயிட்நாய்ஸ்ல ஹாஷ் போட்டது மட்டும் வச்சுக்கோன்னு ஒரு செட்டிங் இருக்கு, அதை ஆன் பண்ணிருந்தா ஒத்தை ஹாஷ் ஃபைல் அழிஞ்சு போய் நேரா 404 வந்திருக்கும், ஒரு வகைல அது மேல், காரணம் உடனே தெரிஞ்சிருக்கும்.

ஒரு புள்ளைக்கு ரெண்டு வீட்டுக்காரங்க தனித்தனியா பேர் வச்சா இது தான் கதி. ஒருத்தர் மட்டும் வைக்கணும். எனக்கு கேட்டா வைட் வைக்கட்டும், ஏன்னா இம்போர்ட் வரியெல்லாம் அதுக்கு தான் முழுசா தெரியும். ஜாங்கோ வைக்கட்டும்னு வைட்ல ஹாஷை அணைச்சீங்கன்னா சங்க் எல்லாம் ஹாஷ் இல்லாம கேஷ் ஆகும், புது மெயினும் பழைய சங்க்கும் சேர்ந்து ஓடற கொடுமையை அனுபவிக்கணும்.

அதனால ஸ்டோரேஜை வொயிட்நாய்ஸோட கம்ப்ரெஸ்டு ஸ்டோரேஜுக்கு மாத்துங்க, பேர்ல மேனிஃபெஸ்ட் இல்லாதது. 4.2க்கு மேலன்னா ஸ்டோரேஜஸ்ங்கற டிக்ஷ்னரில எழுதணும், பழைய தனி செட்டிங் 5.1ல தூக்கிட்டாங்க. மாத்தினதும் இன்னொரு வேலை இருக்கு, இத விட்டுடறாங்க. வொயிட்நாய்ஸுக்கு ஜாங்கோ போட்ட ஹாஷ் தான் தெரியும், வைட் போட்ட எட்டு எழுத்தை பார்த்தா சாதாரண ஃபைல்னு நெனச்சு 60 வினாடி தான் குடுக்கும். இம்யூட்டபிள் ஃபைல் டெஸ்ட்னு ஒரு செட்டிங் இருக்கு, அதுல ஒரு ரெகெக்ஸ் எழுதி "இந்த வடிவத்துல இருந்தா ஹாஷ் தான்"னு சொல்லிக் குடுக்கணும். பழைய பதிவுலேர்ந்து ரெகெக்ஸை எடுத்து ஒட்டாதீங்க, முன்ன ஹாஷ் வெறும் ஹெக்ஸா இருந்துச்சு, வைட் 5லேர்ந்து பெரிய எழுத்து, சின்ன எழுத்து, ஹைஃபன், அண்டர்ஸ்கோர் எல்லாம் வரும்.

இதனால ஜாங்கோ அட்மின் ஃபைலுக்கும் மத்த பேக்கேஜ் ஃபைலுக்கும் ஹாஷ் போகும். அட்மினை பத்து பேர் பாக்கறாங்க, 60 வினாடி போதும், விடுங்க. உங்க சொந்த சிஎஸ்எஸ் நிறைய வைட்டுக்கு வெளிய இருக்குன்னா மட்டும் மேனிஃபெஸ்ட் ஸ்டோரேஜையே வச்சுட்டு, அதை சப்கிளாஸ் பண்ணி ஹாஷ் பேர் குடுக்கற மெத்தட்ல வைட் ஏற்கனவே ஹாஷ் போட்ட பேரை அப்படியே திருப்பி அனுப்புங்க. நாலஞ்சு வரி தான்.

டாக்கர்ல வரிசை முக்கியம், நோட் ஸ்டேஜ்ல என்பிஎம் சிஐ, பில்ட், அப்புறம் பைத்தான் ஸ்டேஜுக்கு டிஸ்ட்டை காப்பி பண்ணிட்டு தான் கலெக்ட்ஸ்டாட்டிக். செட்டிங்ஸ்ல சீக்ரெட் கீயை என்விரான்மென்ட்லேர்ந்து எடுக்கறீங்கன்னா பில்ட் நேரத்துல அது இருக்காது, அந்த ஒரு வரிக்கு மட்டும் ஏதாவது டம்மி மதிப்பு குடுங்க, நிஜ கீயை இமேஜுக்குள்ள சுட்டு வைக்காதீங்க. கன்டெய்னர் ஸ்டார்ட் ஆகும்போது கலெக்ட்ஸ்டாட்டிக் ஓட்டறவங்களும் இருக்காங்க, எனக்கு பிடிக்காது, ஒவ்வொரு ரீஸ்டார்ட்டும் மெதுவாகும். மேனிஃபெஸ்ட் ஸ்டோரேஜ் வச்சுக்கறவங்க டெஸ்ட் செட்டிங்ஸ்ல அதை சாதாரண ஸ்டோரேஜா மாத்திடுங்க, டெஸ்ட் ஓடும்போது டீபக் ஃபால்ஸ் ஆகிடும், மேனிஃபெஸ்ட் என்ட்ரி இல்லன்னு வரிசையா எல்லா டெஸ்ட்டும் விழும்.

இதெல்லாம் சரியானதுக்கு அப்புறம் ஒண்ணு வரும், முன்கூட்டியே சொல்லிடறேன். ஒரு க்ளையன்ட் ப்ராஜெக்ட்ல மத்தியானம் மூணு மணிக்கு டிப்ளாய் பண்ணோம், அஞ்சு நிமிஷத்துல போன், "பட்டன் அமுக்கினா ஒண்ணும் ஆகல". எங்க பக்கம் திறந்தா எல்லாம் ஓடுது. காலைலேர்ந்து டேபை திறந்து வச்சிருந்தவங்களுக்கு மட்டும் தான் அடி. அவங்ககிட்ட இருக்கறது பழைய மெயின், அது பழைய பேர்ல ஒரு சங்க்கை கேக்குது, புது இமேஜ்ல அந்த ஃபைலே இல்ல, 404. ஹாஷ் போட்டாலே இது கூட வர்ற செலவு. பழைய பில்ட்டோட ஃபைலை சில நாளைக்கு அழிக்காம வைங்க, ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ்லயோ பொதுவான ஒரு வால்யூம்லயோ சேர்த்துட்டே போனா போதும், பேர் மோதாது. கூடவே, சங்க் லோட் ஆகலன்னா வைட் ப்ரீலோட் எரர்னு ஒரு ஈவன்ட் விண்டோல அனுப்பும், அதைப் பிடிச்சு பக்கத்தை ஒரு தடவ ரீலோட் பண்ண வைங்க. ஒரு தடவன்னு சொன்னேன், எண்ணிக்கை வைக்காம எழுதினா சுத்திட்டே இருக்கும். ஹெச்டிஎம்எல் பக்கத்தை சிடிஎன்ல கேஷ் பண்ணாதீங்க, அது பழசா இருந்தா மத்ததெல்லாம் புதுசா இருந்து என்ன பிரயோஜனம்.

வேற ஃப்ரேம்வொர்க்ல இவ்ளோ அலைச்சல் இருக்கான்னு கேட்டா, லாராவெல் 2022லேர்ந்தே வைட்டை தன்னோடயே சேர்த்துடுச்சு, டெம்ப்ளேட்ல ஒரு வரி, முடிஞ்சது. ரெயில்ஸ் 2011ல ஸ்ப்ராக்கெட்ஸ்னு எல்லாத்தையும் தானே பண்ணிச்சு, அப்புறம் வெப்பேக்கரை கட்டிக்கிட்டு சில வருஷம் அவஸ்தைப்பட்டு, ரெயில்ஸ் 7ல பண்டிலரே வேணாம் இம்போர்ட் மேப் போதும்னு வந்து நின்னுச்சு, ரெயில்ஸ் 8ல ப்ராப்ஷாஃப்ட் ஃபைலுக்கு ஹாஷ் போட்டு குடுக்கறதோட நிறுத்திக்குது. ஜாங்கோ ஃப்ரண்ட்எண்ட்ல தலையிடவே மாட்டேன்னு ஒதுங்கி நிக்குது, நல்லதா கெட்டதான்னு எனக்கு தினமும் கருத்து மாறும். ஆனா உங்க ரெண்டு மூணு பக்கத்துல இருக்கறது வெறும் ஃபில்டரும் ஒரு பாப்அப்பும் தான்னா, நெஜமாவே ரியாக்ட் வேணுமான்னு ஒரு தடவ யோசிங்க, ஹெச்டிஎம்எக்ஸ்ங்கற சின்ன லைப்ரரி ஒரே ஃபைல், பில்டே கிடையாது, மேல எழுதின பாதி பதிலே தேவைப்பட்டிருக்காது. சார்ட்டுன்னா சரி, வைட்டையே வச்சுக்கோங்க.

எதையும் மாத்தறதுக்கு முன்ன நெட்வொர்க் டேப்ல கேஷை டிசேபிள் பண்ணிட்டு ரிப்போர்ட் பக்கத்தை திறந்து மெயின்னு தேடுங்க. ரெண்டு வரி வந்து, ஒண்ணோட பேர்ல கூடுதலா 12 எழுத்து இருந்தா நான் சொன்னது தான். ஒரே ஒரு வரி தான் வருதுன்னா என் யூகம் தப்பு, அப்ப என்பிஎம் எல்எஸ் ரியாக்ட்னு ஓட்டி ரெண்டு வெர்ஷன் உள்ள கிடக்கான்னு பாருங்க, அந்த அவுட்புட்டையும் வைட் கான்ஃபிக்கையும் இங்க போடுங்க, பார்க்கறேன்.